டயகம ரோதை மாதா

1998 மார்ச் 3. ஆலையில் ரோதை உடைந்தது.
1998 நவம்பர் 14. சுரூபம் 4,750 ரூபா. லொறிக் கூலி 300 ரூபா.
2024 செப்டம்பர் 8. திருவிழா மாலை 1,200 ரூபா.

அந்த மார்ச் மாதம், டயகமத் தோட்டத்துத் தேயிலை ஆலையில் வேலைசெய்த றோலண்டின் சட்டைக் கை இயந்திரத்தில் இழுபட்டது. விரல்கள் உள்ளே போவதற்குள் பெரிய ரோதைச் சக்கரம் இரண்டாக உடைந்து நின்றது. கை தப்பியது. மனைவி அந்தோனியம்மா மாதாவுக்குச் சுரூபம் வைப்பதாக நேர்ந்துகொண்டாள். நுவரெலியாக் கடையொன்றில், காலடியில் உடைந்த சக்கரத்தோடு நின்ற சுரூபத்தைக் கண்டதும் அவள் வேறு எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சிற்றாலயத்தில் ரோதை மாதா குடியேறினாள். ஆலையில் புது இயந்திரம் ஓட்டும் நாளில் சைவக்காரர்களும் அவளுக்கு மாலை போட்டார்கள்.

2024 செப்டம்பர் திருவிழாவில், பங்குக்குப் புதிதாக வந்த சுஜீவன் பாதர் சுரூபத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அம்மா, இது மாதா இல்லீங்க. புனித கத்தரீன்."

"அப்ப இருபத்தாறு வருசமா ஆளு மாறியா சாமி கும்புட்டோம்?"

சிற்றாலயம் மாதாவின் பெயரில் இருப்பதால் பீடத்தில் மாதாதான் இருக்க வேண்டும் என்றார் பாதர். வருட முடிவுக்குள் இந்தச் சுரூபத்தை நகரத்துக் கோயிலுக்கு அனுப்பவேண்டி வரலாம்.

அந்தோனியம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. நேர்ந்தது ஒருத்திக்கு, வைத்தது இன்னொருத்தியை. மறுநாள் பாதரிடமே போய், "யாருங்க சாமி அந்தப் புள்ள?" என்று கேட்டாள். அவர் சொன்னதை அப்படியே கொழுந்து பறிக்கும் மலைக்குக் கொண்டுபோனாள். தேத்தண்ணி வேளையில் பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"படிச்ச பொண்ணாம். ராஜா அம்பது பண்டிதருங்கள ஏவிவிட்டிருக்கான். அம்புட்டுப் பேரையும் பேசியே மடக்கிட்டா."

"நம்ம மீனம்மாவுக்குச் சொந்தக்காரியா இருப்பா," என்றாள் வேலாயி.

"ஒத்தக் கங்காணிய மடக்கவே எனக்கு வழியக் காணோம்," என்றாள் மீனம்மா. "அப்புறம் என்னக்கா ஆச்சு?"

"ஆத்திரத்துல ராஜா அவள ரோதையில கட்டிக் கொல்லச் சொன்னான். அவ கை பட்டதும்..." அந்தோனியம்மா தன் கையை நீட்டிக் காட்டினாள். "ரோதை ஒடஞ்சுபோச்சு."

மீனம்மாதான் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னாள்: "ஆளு ஒண்ணும் மாறலக்கா. பேருதான் நமக்குத் தெரியல. கத்தரீனு எங்கயும் போகமாட்டாள்னு சாமிகிட்ட சொல்லிருங்க."

அந்தோனியம்மா சொன்னாள். பாதர் சிரித்துவிட்டு ஆயரிடம் அனுமதி கேட்டு எழுதினார்: பீடத்தில் மாதா, பக்கத்து மாடத்தில் கத்தரீன், அவளுக்கு நவம்பர் 25இல் தனித் திருநாள். பங்குக் கோயிலில் இருந்த சின்ன மாதா சுரூபத்தை றோலண்ட் தன் இரண்டு கைகளாலும் ஏந்தி மலையேறி வந்தார்.

பதில் வருவதற்கு முன்பே அந்தோனியம்மா இரண்டு மாலைக்குச் சொல்லிவிட்டாள். "வேணாம்னு எழுதிட்டாங்கன்னா?" என்றார் றோலண்ட். "ரோதையவே ஒடச்சவ, ஒரு கடுதாசியக் கொண்டுவர மாட்டாளா?" என்றாள் அந்தோனியம்மா.

மாதாவும் கத்தரீனும் அங்கேயே இருக்கட்டும் என்ற ஆயரின் பதில் கடிதம் வந்தது 2024 நவம்பர் 21, வியாழக்கிழமை.