திட்டினால் காதில் விழுகிற ஆள்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ர போட வேண்டிய இடத்தில் ற போடுவேன், ள வர வேண்டிய இடத்தில் ல வந்துவிடும். என் மனைவியின் தம்பிதான் பிழைகளைத் திருத்தித் தந்தான். இதை வாயால் சொல்லியிருக்கலாம். ஆனால் நாலு பேர் கூடிவிட்டால் எனக்குப் பேச்சு வராது, சுவரோரம் போய் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆரணியில் எங்கள் தெருவில் விடியற்காலையில் பாவு போடுவோம். தறிக்கு வேண்டிய பட்டு இழைகள் முழுவதையும் தெருவின் நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, கஞ்சி தெளித்து, வெயில் ஏறுவதற்குள் சுற்றி எடுத்துவிட வேண்டும். வீட்டுக்குள் அந்த நீளம் கிடைக்காது. அந்த நேரத்தில் தெரு எங்களுடையது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் பால்காரர் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்.

பெரிய ரோட்டில் பள்ளம் தோண்டிப் போட்டபோது, செய்யாறு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் பேருந்து ஒன்று எங்கள் தெருவுக்குள் திரும்பியது. அன்று என் பாவு. டிரைவர் ஹாரன் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

"ரோட்டுல நூலக் கட்டிகினு இன்னா வேலைபா இது? ஜல்தி அவுரு."

என் மனைவியின் தம்பி எனக்கும் சேர்த்துப் பேசுகிறவன். அவன்தான் முன்னால் போனான். "காஞ்சதும் எடுத்துடுவோம். நீ வந்த வழியே திருப்பு. இது பஸ்ஸு போற தெரு இல்ல."

"மேப்புல போவுதுன்னு காட்டுது. நீ இல்லன்ற." டிரைவர் போனை ஜன்னல் வழியாக நீட்டினார். அதில் எங்கள் தெரு மேல் ஒரு நீலக் கோடு ஓடியது.

"அதுல எங்க பாவு தெரியுதா பாரு."

"உன் மூஞ்சியே தெரியல. பாவு எங்க தெரியப் போவுது."

பேருந்துக்குள் சிரித்தார்கள். எதிர் வீட்டுப் பெண்ணும் உள்ளே இருந்தாள். நெசவுக்காரர் மகள்தான், தொழிற்சாலைக்குப் போகிறாள். "லேட்டானா கேட்டுல வுட மாட்டாங்கணா, கொஞ்சம் ஓரமா புடிச்சிக்குங்க" என்றாள். அவளுக்காகப் பாவை ஓரமாக ஒதுக்கிப் பிடித்தோம். பேருந்து நகர்ந்தது. பின் சக்கரம் பாவைத் தாங்கி நின்ற குச்சியை இழுத்துக்கொண்டு போனது. பட்டு அறுந்தால் சத்தம் வராது. திரும்பிப் பார்த்தபோது பாதிப் பாவு சாக்கடை ஓரத்தில் சுருண்டு கிடந்தது.

பட்டு, எனக்குக் கூலிக்கு நெய்யக் கொடுக்கிற முதலாளியுடையது. அவர் கோபப்படவில்லை. "இனிமே அந்த வண்டி வராதுன்னு எவனாச்சும் பொறுப்பா சொல்லட்டும், அப்புறம் பாவு தரேன்" என்றார். எனக்கு வைத்திருந்த அடுத்த பாவை வேறு வீட்டுக்கு அனுப்பினார். என் தறி சும்மா நின்றது.

பொறுப்பாகச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அவ்வளவுதான். நானும் மச்சானும் தேடிப் போனோம்.

காவல் நிலையத்தில் எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் கேட்டார். "ரோட்ட மறிச்சி கட்டினது யாரு?" மச்சான் என்னைக் காட்டினான். "அப்ப உன் மேலதான்யா கேஸு போடணும். போட்டுடவா?" என்றார். நகராட்சியில் ஒருவர், "தெரு எங்களுது, மேப்பு எங்களுது இல்லீங்க" என்றார். அதைச் சொல்லிவிட்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். செய்யாறு வரைக்கும் பஸ் ஏறிப் போனோம். தொழிற்சாலை வாசலில் நின்ற காவலாள், "வண்டி காண்ட்ராக்டு. கம்பெனிக்கு சம்பந்தம் கெடையாது" என்று கேட்டைச் சாத்தினார். வண்டிக்காரர் ஆபீஸில் டிரைவரைக் கேட்கச் சொன்னார்கள். டிரைவர் என்ன சொல்வார் என்று எனக்கு முன்பே தெரியும். அவர் மேப்பைக் கேட்கச் சொன்னார்.

டீக்கடையில் எல்லோரிடமும் கருத்து இருந்தது. அரிசி மில்லில் மோட்டார் பார்ப்பவர், மேலே சேட்டிலைட் சுற்றுகிறது, அது தப்பே பண்ணாது என்றார். ஏன் தப்பு பண்ணாது என்று மச்சான் கேட்டான். "அது மனுசன் இல்லபா, அதான்" என்றார். கோர்ட்டுக்கு ஒருமுறை சாட்சி சொல்லப் போய் வந்த இன்னொருவர், சட்டப்படி ரோடு பொதுச் சொத்து, நூல் கட்டினால் உள்ளே தள்ளலாம் என்றார். அவர் தன் வீட்டுப் படியை ரோட்டில் பாதி வரை இழுத்துக் கட்டியிருக்கிறார். டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு விஞ்ஞானமும் சட்டமும் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அவர்கள் பேசி முடித்ததும் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் தறி அப்படியே நிற்கும்.

மச்சானுக்குப் போன் கடையில் ஒரு வழி சொன்னார்கள். ஒரு தெரு மூடியிருக்கிறது என்று நிறையப் பேர் போனில் அழுத்தினால் மேப் நம்பிவிடுமாம். அன்று சாயங்காலம் தெருவே கூடி அழுத்தியது. என்னிடம் பட்டன் போன்தான், நான் அழுத்தவில்லை. ஆனால் எல்லோரும் அழுத்தியது என் பாவுக்காக. அந்த வாரத்திலேயே பேருந்து எங்கள் தெருவுக்குள் வருவது நின்றுபோனது. போலீஸ் கேட்காத எங்கள் பேச்சை, எங்களைப் பார்த்தே இராத ஒன்று கேட்டது. முதலாளி எனக்குப் பாவு கொடுத்தார். எனக்குச் சந்தோஷமாக இல்லை. பொய் சொன்னால்தான் நம்புகிறதே, நாளைக்கு வேறு எவன் பொய்யை நம்பும் என்று தோன்றியது. சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

பெரிய ரோட்டைச் சரி செய்த பிறகும் மேப்பில் எங்கள் தெரு மூடியே கிடந்தது. யாருக்கும் அது நினைவில் இல்லை. ஒரு நாள் விடியலில் எதிர் வீட்டுக்காரருக்கு நெஞ்சடைப்பு வந்தது. மகள் ஆம்புலன்சுக்குப் போன் போட்டுவிட்டு வாசலுக்கும் உள்ளேயுமாக ஓடினாள். வண்டி வரவில்லை. மறுபடியும் போட்டாள். ஒலிபெருக்கியில் டிரைவர் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "மேப்புல உங்க தெரு மூடிகீதும்மா. ஆத்துப் பக்கமா சுத்தி வந்துகினு இருக்கேன்."

அரிசி மில் லாரியில் மூட்டைகளுக்கு நடுவே அவரைப் படுக்க வைத்து அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். மகள் திரும்பி வந்து தெருவில் நின்று கேட்டாள்.

"யாருணா மூடினது?"

அத்தனை போன்களும் சட்டைப் பைக்குள் போயின. அவள் கடைசியில் என்னைப் பார்த்தாள். நான் என் வீட்டுச் சுவரைப் பார்த்தேன்.

மூடுவதற்கு ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. திறக்கச் சொல்லி எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. உங்கள் தகவலுக்கு நன்றி என்று மட்டும் வந்தது. நன்றி சொல்வது யார் என்று மச்சானிடம் கேட்டேன். "யாரும் இல்ல மாமா, அதுவா சொல்லும்" என்றான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைச் சாக்கடையில் போட்டிருப்பேன். எனக்கு ஒரு ஆள் வேண்டும். திட்டினால் காதில் விழுகிற ஆள்.

ஒருவழியாகத் தெரு திறந்தது. திறந்த கையோடு பேருந்தும் வந்தது. பள்ளம் இல்லாவிட்டாலும் இது குறுக்கு வழி என்று கண்டுகொண்டார்கள். முதலாளி கூப்பிட்டு அனுப்பினார்.

"தொறந்துட்டீங்களாமே. இப்ப எவன் பொறுப்பு?"

மச்சான் நகராட்சி, கம்பெனி என்று ஏதோ ஆரம்பித்தான்.

"நான்தாங்க" என்றேன்.

"இன்னா? சத்தமா சொல்லு."

"தெரு மொனையில நான் நிக்கறேங்க."

"நீயா? உன் பேச்சு உன் பொண்டாட்டிக்கே கேக்காது. பஸ்ஸுக்குக் கேக்குமா?" சொல்லிவிட்டு அடுத்த பாவுக்கான பட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

இப்போது பாவு நாட்களில், யார் வீட்டுப் பாவாக இருந்தாலும், தெரு முனையில் ஒரு கழியில் சிவப்புத் துணி கட்டி நான் நிற்கிறேன். ஆம்புலன்ஸ் வந்தால் துணியைச் சுழற்றுவேன். பாவை அவிழ்த்து விடுவார்கள். மற்ற வண்டி எதுவும் போகாது. எதிர் வீட்டுப் பெண் தெரு முனை வரை நடந்து வந்து பேருந்தில் ஏறுகிறாள். என்னிடம் பேசுவதில்லை.

அதே டிரைவர்தான். நேற்றும் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், மேப்பே தொறந்து கீது. மூடறதுக்கு நீ யாருயா? போலீஸா? முனிசிபாலிட்டியா? காலங்காத்தால பேஜாரு புடிச்ச ஆளு."

அதற்கு மேல் சொன்னதை எழுத முடியாது. என் அம்மாவையும் சேர்த்துச் சொன்னார். நான் துணியை இறக்கவில்லை. எல்லாம் காதில் விழுந்தது. பேருந்து பின்னால் போனது.

ஆனி இருபத்தொன்று. இன்று தெருவில் பாவு இல்லை.