கூச்சத்துக்கு ஒரு பிளெக்ஸ்

எங்கள் பள்ளியில் கூச்சப்படும் பிள்ளைகளுக்கென்று ஒரு குழு நடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் ஆய்வகத் தரையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு வாக்கியம் பேசிப் பழகுவோம். ஆலோசகர் அக்கா யாரையும் அவசரப்படுத்தமாட்டார். கல்வராயன் மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மல்லிகா போன வாரம்தான் முதன்முதலாக வாய் திறந்தாள்.

இன்று காலை பள்ளி கேட்டில் ஒரு பிளெக்ஸ். ‘கூச்சத்தை வென்ற மாணவியர்’ என்று போட்டு, எங்கள் எல்லோருடைய படமும்.

மல்லிகா துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

இதைக் கொண்டாட இன்றே பள்ளியில் ஒரு விழா. அதற்கு வரவேண்டிய விருந்தினர் உளுந்தூர்பேட்டையில் இட ஒதுக்கீட்டு மறியலில் மாட்டிக்கொண்டாராம். அதுவரை கூட்டத்துக்குப் பொழுது போக வேண்டுமே. தலைமையாசிரியர் மல்லிகாவை மேடையேற்றி மைக்கை நீட்டினார்.

"இன்னாம்மா முழிச்சிக்கினு நிக்கிற? கூச்சந்தான் போயிடுச்சே, பேசு!"

பள்ளியே சிரித்தது. அவள் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினாள்.

மதியம் அவளாகவே அவர் அறைக்குப் போனாள். நான் வாசலில் நின்றேன். வட்டத்தில் பழகிய மாதிரியே ஒரே வாக்கியம்.

"சார், கேட்ல இருக்கிற என் படத்த எடுத்துடுங்க சார்."

அவர் துள்ளி எழுந்தார். "டீச்சர், இங்க ஓடியாங்க! இந்தப் பொண்ணு பேசுது பாருங்க! நம்ம குழு ஜெயிச்சிடுச்சி!"

பிளெக்ஸ் இன்னும் கேட்டில்தான் இருக்கிறது.

பேச வராதவர்களுக்குக் குழு வைத்தாயிற்று. சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்கு எங்கே வைக்கிறார்கள்? தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், எங்கள் சாரைச் சேர்த்துவிட வேண்டும்.