கட்டிலுக்கு அளவெடுத்த நாளும் றோசலின் அக்காவும்

போன செவ்வாய்க்கிழமை காலை தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். குருநகரிலிருந்து றோசலின் அக்காவின் தங்கை கணவர் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை. வாசல் படலையடியில் நின்றபடியே, "அக்கா விடியக்காலமை மோசம் போயிட்டா. பத்து நாள் காய்ச்சல்" என்று சாவுச் செய்தியைச் சொன்னார்.

புத்தூரில் றோசலின் அக்காவிடம் தைப்பித்தவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. யாழ்ப்பாணக் கோட்டைச் சண்டையில் குருநகர் வீட்டை விட்டு வந்தவர், நாலு வருடம் என்னோடு ஒரே அறையில் தைத்தார். ஒருமுறை கைநீளத்தைக் குத்துமதிப்பாக எழுதிவிட்டேன் என்று என்னை வெயிலில் இரண்டு மைல் திருப்பி அனுப்பினார். "கண்ணளவு கள்ளளவு" என்பார்.

இனி எழுதப்போவது எங்கள் இருவரையும் தவிர ஒருவர் மட்டுமே அறிந்த சங்கதி.

எங்களிடம் தைப்பிக்கும் பாக்கியம் அக்காவின் கணவர் காங்கேசன்துறையில் வேலை பார்த்தவர். பாரிசவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. குண்டு விழும் நேரம் அவரைத் தூக்கிக்கொண்டு முற்றத்துப் பங்கர்க் குழிக்கு ஓட முடியாது. ஆகவே முன்னறையில் கட்டிலைக் கல் வைத்து உயர்த்தி, கீழே மூன்று பக்கமும் மண் மூட்டை அடுக்கியிருந்தார்கள். பிளேன் வந்தால் அவரை நாலாவது பக்கத்தால் உள்ளே இறக்க வேண்டும். இதற்கிடையில் மகளைப் பெண் பார்க்க உடுப்பிட்டியிலிருந்து வருவதாகச் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்கள் மண் மூட்டையைப் பார்க்கக் கூடாதென்று, கட்டிலைச் சுற்றி நிலம் தொடத் தொங்கும் சுருக்குச் சீலை ஒன்று வேண்டுமென்றார் பாக்கியம் அக்கா.

அளவெடுக்க நாங்கள் இருவரும் போனபோது பாக்கியம் அக்கா கதவைத் திறந்துவிட்டு, "இவரைப் பாத்துக்கொள்ளுங்கோ, மண்ணெண்ணெய்க் கியூவிலை மகள் தனிய நிக்கிறாள்" என்று சங்கக் கடைக்குப் போய்விட்டார். றோசலின் அக்கா முழந்தாளிட்டு, கட்டில் சட்டத்திலிருந்து நிலம் வரை நாடா பிடித்தார். நான் எழுதினேன். மூன்றாவது பக்கம் அளக்கும்போது பிளேன் இரைச்சல் கேட்டது. தாழ்ந்து வந்தது.

"பாயோடை இழுப்பம். காலைப் பிடியும்!" என்றார்.

நான் பிடிக்கவில்லை. ஓடினேன். வாசலில் ஒருமுறை திரும்பினேன். கட்டிலில் கிடந்தவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பங்கருக்குள் விழுந்து காதைப் பொத்தினேன். முதல் குண்டு பின்பக்கத்து வாழைத்தோட்டத்தில் விழுந்தது. இரண்டாவதோடு வீடு அதிர்ந்து ஓடுகள் சரியும் சத்தம் கேட்டது.

இரைச்சல் அடங்கியது. ஒருவாறு போய்ப் பார்த்தேன். வெறுங்கட்டில்மேல் ஓடுகளும் கூரையின் மரச் சிலாகை ஒன்றும் கிடந்தன. கீழே மூட்டைகளுக்கு நடுவில், அவருடைய தலையைத் தன் மடியில் வைத்துக் குனிந்திருந்தார் றோசலின் அக்கா. அக்காவின் முழங்கை தோலுரிந்து இரத்தம்.

பாக்கியம் அக்கா கத்திக் குழறிக்கொண்டு ஓடிவந்தார். புருஷனைத் தொட்டுப் பார்த்துவிட்டு என் கையையும் சேர்த்துப் பிடித்தார். "நீங்கள் ரெண்டு பேரும் இல்லாட்டில் இந்த மனுசன் இல்லை."

"நாங்கள் நிண்டது நல்லதாப் போச்சு" என்றார் றோசலின் அக்கா. கீழே கிடந்தவரின் கண் என்மேல் இருந்தது. நான் கையை விடுவித்து, கீழே கிடந்த நாடாவை எடுத்துச் சுற்றத் தொடங்கினேன்.

பிறகு றோசலின் அக்கா உறுதியாகச் சொன்னார்: "அக்கா, சீலை நிலம் தொடக்கூடாது. நாலு விரல் உயர்த்தித்தான் தைப்பன். நடுவிலையும் பிரிச்சு விடுவன். இல்லாட்டில் ஆளை இறக்கேக்கை சிக்கும்."

"மூட்டை தெரியுமே?"

"தெரியட்டும்."

தெரிந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் சீலையை விலக்கிப் பார்த்து, "எங்கடை அம்மாவுக்கும் இப்பிடி ஒண்டு செய்யவேணும்" என்றாராம். கலியாணமும் நடந்தது.

அன்று திரும்பி வரும் வழியில், "அக்கா, நான்..." என்று தொடங்கினேன். "பயம் வந்தால் கால் ஆரைக் கேட்டு ஓடுது? நாளைக்குத் துணி வெட்டவேணும், வெள்ளன வாரும்" என்றார். அதன்பின் என்னிடமோ வேறு எவரிடமோ அவர் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

அவருடையதாக என்னிடம் இருப்பது அந்த "நாங்கள்" என்ற சொல். எனக்கு உரித்தில்லாமல் இத்தனை காலம் வைத்திருந்தேன். பாக்கியம் அக்கா, உங்கள் கணவரை அன்று கீழே இறக்கியது றோசலின் அக்கா. தனியாக.