குழலைப் பிடித்திருந்த கை

வேலைக்கு எடுத்துக்கொள்ளும் முன் முதலாளி என் கையில் ஒரு சிறு இரும்புக் கம்பியைக் கொடுத்தார். மெருகேற்றிய, பளபளவென்று மின்னும் கம்பி. நன்றாக இறுக்கிப் பிடித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் வந்தபோது அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் விரல் பட்ட இடத்தில் துரு இல்லை. சிலருடைய வியர்வை ஒரே ராத்திரியில் இரும்பைச் சிவக்க வைத்துவிடும், அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களானாலும் இந்தக் கடைக்கு ஆகமாட்டார்கள் என்று மலாயில் சொன்னார். நான் கொண்டுபோயிருந்த சான்றிதழ்களை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

அதற்கு முன் நான் கிள்ளானில் ஓர் எண்ணெய்க் கம்பெனியில் இருந்தேன். எந்த இயந்திரத்துக்கு எந்த எண்ணெய், எந்த கிரீஸ் என்று தொழிற்சாலைகளுக்குப் போய்ச் சொல்லும் வேலை. கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நானும் வெளியே வந்தேன். கோலாலம்பூரில் உரிமம் பெற்ற ஒரு துப்பாக்கிக் கடையில் சாமான் பராமரிக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியிலிருந்து ஒரே பஸ். தனியாக இருக்கும் பெண்ணுக்கு இதெல்லாம் தேவையா என்று என் அக்கா கேட்டாள். எண்ணெய் எல்லா இடத்திலும் எண்ணெய்தானே என்று சொல்லிவிட்டேன்.

கடைக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட ஓர் அறை. இரண்டு பூட்டு. ஒரு சாவி முதலாளியிடம், ஒன்று என்னிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். அங்கே இருந்த துப்பாக்கிகளில் பாதி விற்பனைக்கு உள்ளவை அல்ல. உரிமம் ஆளின் பேரில் இருப்பது. ஆள் இறந்துவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்க முடியாது. பிள்ளைகள் போலீசில் மனுப் போட்டுவிட்டு, பதில் வரும்வரை எங்கள் கடையில் விட்டுவைப்பார்கள். சில மாதங்களில் வந்து எடுத்துப்போவார்கள். சிலர் வருவதே இல்லை. அப்படி யாரும் வராத, இறந்துபோனவர்களின் துப்பாக்கிகள் வரிசையாகச் சுவரில் சாய்ந்து நின்றன.

முதல் சில வாரங்களில் என்னை அதிகம் தொந்தரவு செய்தது வாசனைதான். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த எண்ணெயைப் போட்டிருந்தார்கள். ஒன்றில் தையல் மிஷின் எண்ணெய். ஒன்றில் லோரி எஞ்சின் எண்ணெய். ஒரு துப்பாக்கி முழுக்கத் தலைவலித் தைலம் மணத்தது. அந்த மனிதர் கைவலிக்குத் தேய்த்துக்கொண்டு அப்படியே தூக்கியிருக்க வேண்டும். கதவைத் திறந்தால் அவர்கள் எல்லாரும் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். துடைக்கும்போது ஒருவரை முகம் கழுவி அனுப்புவதுபோல் தோன்றும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நம் ஊரின் புழுக்கம் இரும்புக்கு ஆகாது. ஏசி அறைக்குள் வெளிக்காற்று புகுந்தால் குழல் வேர்த்துவிடும். ஈரத்தை விரட்டும் ஸ்ப்ரே அவசரத்துக்கு நல்லது. சில வாரங்களில் காய்ந்துபோகும். மெல்லிய எண்ணெய் உள்ளே நன்றாகப் பாயும், ஆனால் ஓடிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியை வாய் மேலே பார்க்க நிறுத்தினால் எண்ணெய் இறங்கி மரக்கட்டையை ஊறவைத்துக் கெடுத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் தலைகீழாக நிறுத்தினேன். கிரீஸ் தடியாக நிற்கும், குழலின் உட்பக்கத்துக்கு ஏற்றது. காட்சிக்கு வைக்கும் பழைய துப்பாக்கிக்கு வெளியே மெழுகு. மெழுகு மட்டும்தான் இரும்புக்கும் மரத்துக்கும் ஒத்துப்போகும். ஆனால் அடியில் அழுக்கோ உப்போ இருந்தால் மெழுகு அதையும் சேர்த்துப் பூட்டி வைத்துவிடும்.

பந்திங்கிலிருந்து வந்த அந்த இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது இதெல்லாம் எனக்குத் தெரிந்துதான் இருந்தது. மிகவும் பழையது. வெளியே சுத்தியல்போல், சுடும் முன் பின்னுக்கு இழுத்து வைக்கும் இரண்டு குதிரைகள். பக்கத் தகட்டில் வாத்துகள் பறப்பதாகச் செதுக்கியிருந்தார்கள். தேங்காயெண்ணெய் காய்ந்து பிசினாக ஒட்டியிருந்தது. அதைக் கரைத்துத் துடைத்தபோது அடியில் கருநீலப் பூச்சு கெடாமல் இருந்தது, ஓர் இடத்தைத் தவிர. குழலின் நடுவில், சிவந்த துருவில், ஒரு கை. நான்கு விரல்கள் சுற்றிப் பிடித்திருந்தன. சுண்டுவிரல் குட்டையாக, மற்ற மூன்றிலிருந்து தள்ளி நின்றது. எதிர்ப்பக்கம் கட்டைவிரல்.

துடைத்தேன். எண்ணெய் போட்டேன். சில வாரம் கழித்து வாத்துகளைக் காட்ட முதலாளியைக் கூப்பிட்டு உறையை விலக்கினேன். கை திரும்ப வந்திருந்தது.

எண்ணெய் போதவில்லை என்று நினைத்து ஆட்டுரோமக் கொழுப்புக் கலந்த தடித்த எண்ணெயைப் பூசினேன். வந்தது. கிரீஸ் பூசிப் பார்த்தேன். கிரீஸுக்கு அடியில் அதே நான்கு விரல்கள், முன்பைவிடத் தெளிவாக. யாரோ அடிக்கடி வந்து அதே இடத்தில் பிடித்துவிட்டுப் போவதுபோல் இருந்தது. முதலாளி அந்தப் பழைய இரும்புக் கம்பியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். என்மேல்தான் சந்தேகம். பிடித்துக் கொடுத்தேன். பிறகு அவரும் என் கண்முன்னால் இன்னொரு கம்பியைப் பிடித்து வைத்தார். மறுநாள் இரண்டும் பளிச்சென்று இருந்தன.  அன்று மாலை அவர் கடைவாசலில் வழக்கத்தைவிட அதிக ஊதுபத்தி ஏற்றினார்.

எனக்கும் மனது சரியில்லாமல் போயிற்று. பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருப்பவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு வருவேன். குட்டையான சுண்டுவிரல் உள்ள ஆளைத் தேடுகிறேன் என்று ஒருநாள்தான் எனக்கே புரிந்தது. வீட்டில் கதவுக் கைப்பிடியைத் துடைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் வந்தது.

அந்தச் சமயத்தில் கிள்ளானிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஓய்வுபெற்ற எஞ்சினியர். முறையான அனுமதியோடு பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பவர். வாத்துகளைப் பார்த்ததும் அவருக்கு அதை விட மனமில்லை. துரு பரவாமல் நிறுத்திக் கொடுக்க வேண்டும், பூச்சைச் சுரண்டக் கூடாது என்றார். விற்கச் சம்மதம் சொல்ல வேண்டியவர் இறந்துபோன சொந்தக்காரரின் மகள். முதலாளி அவருக்கு ஃபோன் போட்டார்.

மகள் வந்தார். நாற்பது வயதிருக்கும். வேலை உடுப்போடு நேராக வந்திருந்தார். முன்மேசையில் துணி விரித்து துப்பாக்கியை வைத்தேன். கையுறை கொடுத்தேன், போட்டுக்கொண்டாரே தவிர தொடவில்லை. துருவை மன்னிக்க வேண்டும், என்ன போட்டாலும் திரும்பத் திரும்ப வருகிறது என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் குனிந்து பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

"அது எங்கப்பா கைதான்க்கா," என்றார். "செம்பனைக் குலை வெட்டறப்ப சுண்டுவிரல் போயிடுச்சி. பாதிதான் இருக்கும்."

நான் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் சொன்னதை இங்கே சுருக்கித்தான் சொல்கிறேன். பந்திங் பக்கத்தில் அவர்களுக்குக் கொஞ்சம் செம்பனை, எண்ணெய் எடுக்கும் பனை, இருந்தது. காட்டுப்பன்றிகள் வந்து கன்றுகளைப் பிடுங்கிப் போட்டுவிடும். அதற்காகத்தான் அப்பா உரிமம் எடுத்து, தோட்டத்து மேனேஜரிடமிருந்து கைமாறி வந்த இந்தத் துப்பாக்கியை வாங்கினார். அவர் குறி தவறாதவர். மகள்மேல் உயிர். எங்கே போனாலும் தலையில் கை வைத்துத்தான் போவார், அந்தப் பாதி விரல் காதில் இடிக்கும்.

மகள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு விடியற்காலை, பன்றிக்குக் காவலிருந்த அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்க அம்மா அனுப்பினார். தோட்டம் முழுக்கப் பனிமூட்டம். மரத்துக்கு மரம் தெரியவில்லை. ஈர ஓலையை விலக்கிக்கொண்டு போனார். திடீரென்று இரண்டு சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. குதிரைகளை இழுத்து வைக்கும் சத்தம். அது என்னவென்று அவருக்குத் தெரியும்.

"என்னால நகர முடியல. பேச்சும் வரல. பனிக்குள்ள அந்த ரெண்டு ஓட்டை மட்டும் என்னைப் பாக்குது. அப்பறம் எப்படியோ 'ப்பா'னு சொன்னேன்."

அப்பா குழலை இறக்கினார்.  இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தார்கள். அம்மாவிடம் இருவருமே சொல்லவில்லை. அதற்குப் பிறகு அப்பா சுடவே இல்லை. பன்றிகள் வந்து தின்றன, அவர் திரும்பத் திரும்பக் கன்று நட்டார். ஆனால் உரிமத்தை மட்டும் விடாமல் புதுப்பித்தார். தினமும் சாயங்காலம் பின்வாசல் படியில் உட்கார்ந்து, துப்பாக்கியின் அடியைத் தரையில் ஊன்றி, குழலை இடது கையால் பிடித்துக்கொண்டு இருட்டும்வரை இருப்பார். பிறகு தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து உள்ளே வைப்பார். போலீசில் ஒப்படைத்துவிடலாமே என்று அம்மா எத்தனையோ முறை கேட்டார். வேறு யார் கைக்கும் இது போகவேண்டாம், என்னிடமே இருக்கட்டும் என்பதுதான் அவர் பதில்.

"அன்னைக்கப்பறம் அப்பா என்னைத் தொட்டதே இல்லக்கா," என்றார் அவர். "என் கல்யாணத்துல அரிசிய தூரமா நின்னு போட்டாரு. எல்லாரும் போட்டோக்காகக் கூப்பிடறாங்க. தலையில கை வைக்க வரல."

முதலாளிக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் எழுந்து போய்க் கடைக் கதவில் 'மூடப்பட்டது' பலகையைத் திருப்பி வைத்தார்.

அப்போதுதான் எனக்குத் துருவின் விஷயம் விளங்கியது. வெளியிலிருந்து யாரும் வரவில்லை. அத்தனை வருஷம் ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்த கையின் உப்பு, பூச்சைத் துளைத்துக்கொண்டு இரும்பின் நுண்ணிய குழிகளுக்குள் இறங்கிவிட்டது. தேங்காயெண்ணெய் மற்ற இடங்களைக் காப்பாற்றியது. இந்த இடத்தில் அது உப்புக்கு மேல்தான் உட்கார்ந்தது. நானும் மேலேதான் துடைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்தது ஈரம் கிடைத்தபோதெல்லாம் வெளியே வந்தது. காரணம் தெரிந்ததும் பயம் போகும் என்பார்கள். எனக்கு அப்படி ஆகவில்லை. யாரோ வந்துபோகிறார்கள் என்று நினைத்ததைவிட, அந்த மனிதர் கையை எடுக்கவே இல்லை என்பது அதிகமாக உறுத்தியது.

மகள் அதை அழித்துவிடச் சொன்னார். அந்தக் கை இனிமேல் யார் கண்ணிலும் படவேண்டாம் என்றார். முழுக்க அழிக்க வேண்டுமென்றால் இரும்பையே தேய்த்தெடுக்க வேண்டும், கிள்ளான் பெரியவர் வாங்கமாட்டார் என்றேன். வேறு ஒரு வழி இருந்தது. குழலைக் காய்ச்சி வடித்த நீரில் கொதிக்கவைத்தால் உப்பு வெளியேறும். சிவப்புத் துரு கறுப்பாக மாறி அப்படியே நின்றுவிடும்.

"அப்ப மறுபடி வராதா?" என்று கேட்டார்.

"வராது. ஆனா போகவும் போகாது."

 வாங்குகிறவர் சுடுவாரா என்று கேட்டார். அனுமதி கிடைத்ததும் உள்ளே இருக்கும் வெடி ஊசிகளை எடுத்துவிடுவார்கள், பிறகு இதனால் யாரையும் சுட முடியாது என்றேன். அப்படியானால் கொதிக்கவைக்கலாம் என்றார். தானும் கூட இருக்க வேண்டும் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் பின்னால் சமையலறையில், நீண்ட எவர்சில்வர் தொட்டியை இரண்டு கேஸ் அடுப்புகளின் மேல் வைத்தோம். குழல்களை மரத்திலிருந்து கழற்றி, எண்ணெய்ப்பசையைப் போக்கி, கம்பியில் தொங்கவிட்டேன். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். கொதி வந்ததும் அந்தத் துருக் கையிலிருந்து பழுப்பாக ஏதோ கரைந்து மேலே வந்தது. தண்ணீரை மாற்றினேன். மறுபடி வந்தது. மறுபடி மாற்றினேன். மத்தியானத்துக்குள் தண்ணீர் தெளிந்துவிட்டது. விரல்கள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. சுண்டுவிரல்தான் கடைசி.

எடுத்துத் துணியில் வைத்தபோது குழலிலிருந்து ஆவி பறந்தது. சூடு ஆறும் முன் ஈரம் தானாகவே காய்ந்துவிட்டது. மென்மையான கம்பி நாரால் மேலே நின்ற தூளை நீக்கினேன். இளஞ்சூடாக இருக்கும்போதே மெழுகு பூச வேண்டும். நீங்களே பூசுகிறீர்களா என்று கேட்டேன். அவர் தலையசைத்து மறுத்துவிட்டார். "இவ்ளோ சூடா இருக்கே," என்று மட்டும் சொன்னார். தொட்டுப் பார்க்காமலே சொன்னார். பிறகு எழுந்து பின்சந்துக்குப் போனார். நான் மெழுகு போட்டு முடித்துக் கையைக் கழுவும்வரை அங்கேயே எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். நான் போய்க் கூப்பிடவில்லை.

அனுமதி வரப் பல மாதமாயிற்று. துப்பாக்கி கிள்ளானுக்குப் போய்விட்டது. பெரியவர் அதைக் கண்ணாடிப் பெட்டியில், கை தெரியும் பக்கத்தை முன்னால் வைத்திருக்கிறார். வருகிறவர்கள் கேட்டால் யாரோ ஒரு வேட்டைக்காரருடையது என்கிறாராம். எனக்குத் தெரிந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

வருஷம் ஒருமுறை ரயிலேறிப் போய் மெழுகு புதுப்பித்துவிட்டு வருகிறேன். துரு வரவில்லை. கை கறுப்பாக, வழவழப்பாக இருக்கிறது. மற்ற இடங்களில் துணி ஓடிவிடும். அங்கே வந்ததும் மெதுவாகிவிடுகிறது, வேண்டுமென்று செய்வதில்லை.

நான் கிள்ளான் போகும் நாள் அந்தப் பெண்ணுக்கு எப்படியோ நினைவிருக்கும். அன்று சாயங்காலம் ஃபோன் வரும். சீக்காளியைப் பற்றி விசாரிப்பதுபோல, "எப்படிக்கா இருக்கு?" என்பார். அப்படியே இருக்கிறது என்பேன்.  உடனே ஃபோனை வைக்கமாட்டார். மூச்சு மட்டும் கேட்கும். பிறகு பந்திங்கில் மழையா வெயிலா என்று அவரே ஏதாவது சொல்ல ஆரம்பிப்பார்.