முதலாளியின் போணி ரத்தம்

சுந்தரராஜுலு யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார். 'ங்க' போட்டே தோலை உரிப்பார். "ஏனுங்க அம்மணி, படிச்ச படிப்பெல்லாம் எங்கீங்க போச்சு?" என்று எல்லார் முன்னாலும் சாமியாத்தாளைக் கேட்பார். பல்லடத்துக்காரி அவளும் சளைத்தவள் இல்லை. "இங்கதானுங்க வீணாப் போயிட்டிருக்குது" என்பாள்.

தொண்ணூற்றாறில், கோயமுத்தூரில் தன் பஞ்சாலைக் கிடங்கு ஒன்றை அவர் ஆய்வுக்கூடமாக்கியிருந்தார். ஹெபடைடிஸ் சி கிருமி சத்தமில்லாமல் ஈரலைத் தின்னும். அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்று காட்டும் சோதனைப் பெட்டியைச் செய்வதுதான் சாமியாத்தாளின் வேலை. தட்டிலுள்ள குழியில் நோயாளியின் ரத்தம் விட்டால் மஞ்சளாகும். நல்ல ரத்தம் ஒன்றை அளவுக்கு வைத்து, அதைவிட மஞ்சள் கூடினால்தான் நோய் என்று கணக்கு.

அந்த நல்ல ரத்தம் முதலாளியுடையது. பூஜை போட்ட அன்று, "முதல் போணி நம்முளுதுங்க" என்று சட்டைக் கையைச் சுருட்டி நீட்டிவிட்டார். கைராசிக்காரர் என்று பேர். அந்த ரத்தத்தைச் சோதித்துப் பார்ப்போம் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை, அவளுக்கும்தான்.

அதன்பின் ஒரு தட்டும் உருப்படவில்லை. நிச்சயமான நோயாளிகளில் பாதிப் பேர் நோயில்லாதவர்களாகத் தேறினார்கள். வசவு முழுக்க அவள் தலையில் விழுந்தது. வெறுத்துப்போய் ஒருநாள் தன் ரத்தத்தையே அளவுக்கு வைத்தாள். எல்லா நோயாளிகளும் பிடிபட்டார்கள். முதலாளியின் குழியும் மஞ்சளாக நின்றது.

நேரே அவர் அறைக்குப் போனாள். "முன்னாடி எப்பவாச்சும் ஆபரேஷனுக்கு ரத்தம் ஏத்துனீங்களா?"

"ஏத்துனா என்னங்க? எங்க ரத்தத்துல நோவுங்களா? உங்க டெஸ்ட்டு தப்புங்க. என் ரத்தத்தை வெச்சே பெட்டியை அனுப்புங்க."

"அனுப்புனா நோய்க்காரன் ரத்தம் நல்ல ரத்தம்னு அடுத்தவன் உடம்புல ஏறுமுங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன். மெட்ராஸ்ல வெளிநாட்டுப் பெட்டி இருக்குது, போய்ப் பார்த்துக்குங்க."

போனார். டிரைவர் பங்காருவின் பேரில் ரத்தம் கொடுத்துப் பார்த்தார்.

திரும்பி வந்தபோது முகம் செத்திருந்தது. "உங்க ரத்தத்தையே வெச்சுக்கலாமுங்க. பெட்டி திங்கக்கிழமை போகுது. நீங்க நாளையிலிருந்து வர வேண்டாமுங்க."

அவளுக்கு வயிறு எரிந்தது. நடுவே அந்த ஆள்மேல் இரக்கம் வந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. "அப்ப டெஸ்ட்டு சரிதானுங்களே?" என்றாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தவளை, கூட வேலை செய்த புவனா ஊசியும் கையுமாக மறித்தாள். புவனாவின் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. போறதுக்குள்ள இன்னும் கொஞ்சம் ரத்தம் எடுத்துக்கச் சொல்லிப்போட்டாருங்க."

சாமியாத்தாள் முதலாளியின் அறைக் கதவைப் பார்த்தாள். நன்றாகக் கேட்கும்படி ஒரு வசவை விட்டாள், அதில் 'ங்க' இல்லை. பிறகு பையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினாள்.