நாலாம் நம்பர் ஃப்ளாப்பி

நீங்கள் நம்ப மாட்டீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஆவி பேசியது, செத்தவர் வந்தார் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். போர்ட் பிளேரில் ஒரு அரசு அலுவலகத்தில் முப்பது வருடமாகக் கோப்பு பார்க்கிறேன். பத்தொன்பது வயதிலிருந்து ஒரு நாள் விடாமல் டைரி எழுதுகிறேன், மழை எத்தனை மணிக்கு வந்தது, கரண்ட் எத்தனை மணிக்குப் போனது என்பது வரைக்கும். அந்த டைரிகள் மட்டும் இல்லையென்றால் இதைச் சொல்ல எனக்கே துணிச்சல் வந்திருக்காது.

என் தம்பி வேலு என்னைவிட மூன்று வயது இளையவன். அப்பா இறந்தபின் அம்மா, நான், அவன் மூவரும் மரைன் ஹில்லில் இருந்தோம். ஏலத்தில் போன ஒரு பழைய கம்ப்யூட்டரை எடுத்து வந்து அவனே உயிர் கொடுத்தான். இன்டர்நெட் இங்கே எட்டிப் பார்க்காத காலம். சென்னையிலிருந்த அவன் சிநேகிதன் ஷேர்வேர் புரோகிராம்களை, அதாவது கொஞ்ச நாள் சும்மா ஓட்டிப் பார், பிடித்தால் பணம் அனுப்பு என்கிற வகையை, நாலைந்து ஃப்ளாப்பிகளில் பிரித்துப் போட்டுக் கப்பலில் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவான். ஒரே பொட்டலத்தை ஐந்து துண்டாக்கின மாதிரி. ஐந்தும் வரிசையாக இருந்தால்தான் பிரியும், ஒன்று கெட்டால் அத்தனையும் வீண். இந்தத் தீவின் ஈரத்துக்கு எப்படியும் ஒன்றில் பூஞ்சை பிடித்திருக்கும். மூன்றாம் டிஸ்கைப் போடு என்று திரை நின்றுவிடும். அணைத்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதால் வேலு மெஷினை அணைக்காமல், மெயின்லேண்டுக்குச் சொல்லியனுப்பிவிட்டு, அடுத்த கப்பலுக்குக் காத்திருப்பான். ஒரு தடவை பதினோரு நாள் அப்படி ஓடியது. கப்பல் ஜெட்டிக்கு வந்த அன்று காலையில் கரண்ட் போய்விட்டது. டைரியில் ஒரே வரிதான் இருக்கிறது: "வேலு சாப்பிடவில்லை."

அதே மெஷினில்தான் என் அலுவலக மாத அறிக்கையையும் அடிப்பேன். அடித்து முடித்ததும் அவன் திரையைப் பார்த்துச் சத்தமாகப் படிப்பான், நான் கையெழுத்துப் பிரதியை வைத்துச் சரிபார்ப்பேன். முடிவில் "சரியாக்கா?" என்பான். நான் "சரி" என்றால்தான் எழுந்து போவான்.

நடு அந்தமானில் இருக்கும் ரங்கத்தில் ஒரு கடைக்குக் கம்ப்யூட்டர் பொருத்திக் கொடுக்கும் வேலை அவனுக்கு வந்தது. கிளம்பும் முன் ஒரு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மைக்கில் என்னவோ பேசிப் பதிவு செய்து, அதை ஐந்து ஃப்ளாப்பிகளில் பொதிந்து, மெஷினிலிருந்ததை அழித்தும்விட்டான். அம்மாவுக்காகப் பேசி வைத்திருப்பதாகவும், வந்து போட்டுக் காட்டுவதாகவும் சொன்னான். பூஞ்சைக்குப் பயந்து துணி அலமாரியில் எப்போதும் எரியும் சின்ன பல்புக்குப் பக்கத்தில் அவற்றை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பஸ் ஏறினான்.

புதன்கிழமை எனக்கு ஒரு ஃப்ளாப்பி வேண்டியிருந்தது. மாத அறிக்கையை ஆபீசுக்குக் கொண்டுபோய் அச்செடுத்து வெள்ளிக்கிழமைக் கப்பலில் அனுப்பியாக வேண்டும். அபர்தீன் பஜாரில் ஒரு கடையிலும் ஃப்ளாப்பி இல்லை. அலமாரியைத் திறந்து, அவன் பழைய ஃப்ளாப்பிகளில் ஒன்று என்று நினைத்துக் கைக்கு வந்ததை எடுத்தேன். முழுதும் அழித்து, அறிக்கையை அதில் ஏற்றி, அவன் ஒட்டியிருந்த சீட்டின் மேலேயே என் சீட்டை ஒட்டினேன். ஃப்ளாப்பியின் மூலையில் சின்னத் தள்ளுக்கட்டை ஒன்று உண்டு, அதை நகர்த்திவிட்டால் படிக்கத்தான் முடியும், அதற்குமேல் எழுத முடியாது. அதையும் நகர்த்தினேன். ஆபீசில் அச்செடுத்தபின் ஃப்ளாப்பியைத் திரும்பக் கொண்டுவந்து அலமாரியில் எடுத்த இடத்திலேயே வைத்தேன். நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவள். சீட்டின் அடியில் "4" என்று அவன் எழுதியிருந்ததை நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கப்பல் போனபின் அலுவலகப் பிரதியைப் புரட்டியபோது ஒரு பிழை கண்ணில் பட்டது. டைரியில் அப்படியே இருக்கிறது: "நிலுவைக் கோப்புகள் 23ம் 18ம் சேர்ந்து 41. நான் 47 என்று அடித்திருக்கிறேன். வேலு படித்திருந்தால் பிடித்திருப்பான்." இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, மெயின்லேண்டில் யாரும் கேட்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ரங்கத்திலிருந்து போன் வந்தது. வேலுவுக்கு மலேரியா, மூளைக்கு ஏறிவிட்டது. ஜீப்பில் கொண்டுவரும் வழியில், கடலைக் கடக்கும் ஃபெர்ரிக்காக வரிசையில் நிற்கும்போதே உயிர் போய்விட்டது. அவனுக்கு இருபத்து நாலு வயது.

காரியமெல்லாம் முடிந்து அம்மா அந்த ஃப்ளாப்பிகளைக் கேட்டபோதுதான் நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரிந்தது. பூஞ்சை பிடித்துவிட்டது என்றேன். இந்தத் தீவில் அந்தப் பொய்யை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அம்மாவும் சந்தேகப்படவில்லை. ஐந்தையும் பத்திரமாக வை என்று மட்டும் சொன்னாள். இருபத்தாறு வருடம் வைத்திருந்தேன், வீடு மாறி குட்வில் எஸ்டேட்டுக்கு வந்தபோதும்.

போன வருடம் அம்மா இதயம் பலவீனப்பட்டுக் கட்டிலோடு கிடந்தாள். பக்கத்து வீட்டு பிஸ்வாஸ் தாதா வங்காளி, தாதா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன், என்னைத் தீதி, அதாவது அக்கா, என்பார்; வயர்லெஸ் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், பழைய மெஷின்களைச் சேர்த்து ஓடவைப்பதுதான் அவர் பொழுதுபோக்கு. நான் ஆபீஸ் போயிருந்த நேரம் அம்மா அவரைக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறாள்.

"பூஞ்சையக் கழுவிப்புடலாமாம் செல்வி. பிஸ்வாஸ் தம்பி சொல்றாரு. ஞாயித்துக்கிழம மிசினோட வரச் சொல்லிட்டேன்" என்றாள். "கேட்டுட்டுப் போயிட்டா நல்லாருக்கும்டி."

உண்மையைச் சொல்லியிருக்கலாம், எனக்கு நான்கு நாள் இருந்தது. சொல்லவில்லை. நாலாவது வரும்போது மெஷின் தானாகவே பிழை காட்டி நின்றுவிடும், கழுவியும் போகவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். இத்தனை வருடம் நான் சொன்ன பொய்யை இனி மெஷின் சொல்லட்டும் என்று.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டரைக்கு தாதா வந்தார். வெளியே நல்ல மழை. கட்டிலுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு மெஷினை வைத்தார். நான்கு ஃப்ளாப்பிகளைப் பிரித்து, பஞ்சால் துடைத்துத் துடைத்து மூடினார். என் சீட்டு ஒட்டிய ஃப்ளாப்பியின் தகர மூடியை நகர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தீதி, இதுல ஃபங்கஸே இல்ல. ஏக்தம் சாஃப்" என்றார். சுத்தமாக இருக்கிறது என்றுதான் சொன்னார். சீட்டில் இருந்த என் கையெழுத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், பிறகு அதை வரிசையில் நாலாவதாக வைத்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று போய்விட்டன. நாலாம் டிஸ்கைப் போடு என்று திரை நின்றது. தாதா அம்மாவைப் பார்த்து, "மாஜி, அகலா ஜஹாஸ் கப் ஆயேகா?" என்று சிரித்தார். அடுத்த கப்பல் எப்போது வரும் என்பது அந்தக் காலத்து ஃப்ளாப்பிக்காரர்களின் கேலி. அம்மாவும் சிரித்தாள். நான் நாலாவதைப் போட்டேன்.

பிழை வரவில்லை. பச்சை விளக்கு எரிந்தது, சக்கரம் சுற்றியது, எண்ணிக்கை ஏறியது. ஐந்தாவதைக் கேட்டது. கொடுத்தேன்.  மணி மூன்று பத்து.

"அம்மா, வேலு பேசுறேன். சிரிக்காத, மைக்கு முன்னாடி தனியாப் பேசக் கூச்சமாத்தான் இருக்கு." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்த வருடம் அவளைக் கப்பலில் ராமநாதபுரம் கூட்டிப் போய் சித்தியைப் பார்க்க வைப்பதாகச் சொன்னான், கப்பலில் வாந்தி வராமலிருக்க மாத்திரை இருக்கிறதாம், அதனால் அந்தச் சாக்கு செல்லாதாம். ஆறரை நிமிடம் இப்படிப் போனது. பிறகு, "அக்காவுக்கும் நான் ஒண்ணு" என்று ஆரம்பித்தான். வாக்கியம் அங்கே அறுந்தது.

அடுத்து வந்ததும் அவன் குரல்தான். ஆனால் பேசவில்லை, படித்தான். எங்கள் அலுவலகத்தின் மாத அறிக்கையை, அந்தப் புதன்கிழமை நான் அடித்ததை, வரிக்கு வரி, எனக்காக எப்போதும் படிக்கிற அதே அவசரமில்லாத குரலில் படித்தான். பெற்ற கடிதங்கள், அனுப்பியவை, நிலுவை. அங்கே நிறுத்தினான்.

"ஃபார்ட்டி செவன் இல்லக்கா. ஃபார்ட்டி ஒன்."

மீதியையும் படித்து முடித்துவிட்டு, "சரியாக்கா?" என்றான். பிறகு மௌனம். கடிகாரத்தைப் பார்த்தேன், பதினோரு விநாடி. அம்மா கண்ணைத் திறந்து, "கேக்குறான்ல, சொல்லேன்டி" என்றாள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஐந்தாவது ஃப்ளாப்பியின் பகுதி வந்தது. "அக்காட்ட இப்பச் சொல்லிராதம்மா, நானே சொல்லிக்கிறேன்" என்றான். இன்னும் ஏதேதோ வீட்டு விஷயம். "சரிம்மா, வச்சிடறேன்."

அம்மா என் பக்கம் திரும்பினாள். பிறகு, "ஒன் ஆபீஸ் பேப்பரு அவன் பேச்சுக்குள்ள எப்படிடி வந்துச்சு?" என்று கேட்டாள். அப்போதுதான் சொன்னேன், தாதா இருக்கும்போதே, எல்லாவற்றையும். திட்டுவாள் என்று காத்திருந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "இருவத்தாறு வருசமா இதத் தனியாவா வச்சிருந்த?" என்றாள். அதற்குப் பிறகும் கையை விடவில்லை.

இன்னொரு தடவை போடச் சொன்னாள். தாதா போட்டார். "அக்காவுக்கும் நான் ஒண்ணு" வரை இருந்தது. அதன்பின் இரண்டு நிமிடத்துக்கு வெறும் இரைச்சல். பத்துத் தடவை போட்டுப் பார்த்தோம். எனக்கென்று அவன் என்ன வைத்திருந்தான் என்பது நான் அழித்ததோடு போனதுதான்.

இரண்டு மாதத்தில் அம்மா போய்விட்டாள். பதினாறு முடிந்த மறுநாள் தாதா வீட்டுக்குப் போய் நாலாவது ஃப்ளாப்பியைத் திறந்து பார்க்கச் சொன்னேன். அதில் இருந்தது ஒரே ஒரு கோப்பு, என் அறிக்கை. கோப்பின் மேல் பதிந்திருந்த தேதி அந்தப் புதன்கிழமைதான். மூலையிலிருந்த கட்டை நான் நகர்த்திய இடத்திலேயே இருந்தது, அப்படி இருக்கும்போது யாராலும் அதில் எழுத முடியாது என்று தாதா சத்தியம் செய்தார்.

நிலுவைக் கோப்புகள் என்ற வரியில் 41 என்று இருந்தது.

வீட்டுக்கு வந்து பழைய டைரியை எடுத்துப் பார்த்தேன். 47 என்று அடித்துவிட்டதாகத்தான் என் கையெழுத்து சொல்கிறது. இப்போதும் சில நாள் காலையில் ஆபீசுக்குக் கிளம்பும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன், அந்த வரி அப்படியே இருக்கிறதா என்று.