கைபேசியில் கட்டிய கடற்சுவர்

பிரவுசிங் சென்டர் நடத்திய சக பாவிகளே, கரண்ட் போனாலும், பிரிண்டரில் மை தீர்ந்தாலும், அரசாங்கம் தூங்கினாலும் திட்டு நமக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

மூக்கில்லாத பெட்டி

வடசேரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. எம்.ஏ. தமிழ் படித்துவிட்டு, ஊராரின் மனுக்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சந்தையில் மீன் விற்கும் செலின் ஒருநாள் தலையிலிருந்த மீன் சருவத்தை வாசலில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னைகளைக் கடல் எடுத்துவிட்டது. அடுத்தது வீடுதான். கரையில் கல் போட்டுச் சுவர் கட்டித்தரக் கேட்டு அரசாங்க இணையதளத்தில் மனு அனுப்பினேன். அந்த நிமிஷமே திரையில் "பெறப்பட்டது" என்று பதில் வந்தது. அவளுக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"ஆபீசுக்குப் போனா மீன் வாடைன்னு வெளிய நிப்பாட்டுவாவ. இந்தப் பெட்டிக்கு மூக்கே இல்லக்கா. நல்ல கெவர்மெண்டு!"

முடிந்த மனு

சில மாதம் கழித்துத் திறந்து பார்த்தேன். "நடவடிக்கை எடுக்கப்பட்டு, மனு முடித்துவைக்கப்பட்டது." யார் வந்தார்கள், என்ன எடுத்தார்கள் என்று ஒரு வரி கிடையாது. கரையில் ஒரு கல்கூட விழவில்லை. மறுபடி அனுப்பினேன். அதே வாக்கியம், அதே முற்றுப்புள்ளி. தமிழ் படித்ததற்காக நான் வெட்கப்பட்டது அன்றுதான்.

செலின் என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முடிஞ்சிருச்சுன்னு கடலுக்கும் சொல்லிட்டாவளா, எனக்கு மட்டுந்தானா?"

குவைத்திலிருந்து வந்த சுவர்

கலெக்டரை நேரில் பார்ப்பது என்று முடிவானது. எங்கள் தெருச் சங்கத்தின் செயலாளர், ரிட்டயரான கிளார்க் சங்கரன் அண்ணாச்சி, கூட வந்து பேசுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். போகவேண்டிய காலையில் கைபேசியும் கையுமாக வந்தார். அதில் ஒரு படம்: பளபளவென்று கருங்கல் சுவர், நடைபாதை, உட்கார பெஞ்சு. கீழே, "நம்ம மாவட்டக் கடற்கரை, நம்ம அரசின் சாதனை."

"அண்ணாச்சி, எங்க கரையில பெஞ்சு எங்க கெடக்கு?" என்றாள் செலின். இங்கே பஸ் ஏறினால் அரைமணியில் அந்தக் கரை. போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் கத்தினேன். சுவர்தான் வந்துவிட்டதே, இனி கலெக்டர் எதற்கு என்று அவர் வர மறுத்துவிட்டார்.

"ஏட்டி, ஒனக்கு என்ன தெரியும்? எம் மருமவன் குவைத்துலேருந்து அனுப்பியிருக்கான்!"

நிற்பது யார்

அந்த ஆடியில் கடல் கேட்காமல் கொள்ளாமல் அடுக்களைக்குள் வந்தது. விடியும்போது நின்றது வாசல் நிலை மட்டும். அதன் முன்னால் செலின் நிற்பதைப் பக்கத்து வீட்டுப் பெண் படம் எடுத்திருந்தாள். அண்ணாச்சியும் இருந்த எங்கள் தெருச் சங்க வாட்ஸ்அப் குழுவில் அதை நான் போட்டேன்.

மறுநாள் அண்ணாச்சி கொதித்துக்கொண்டு கடைக்கு வந்தார். "இது ஏதோ வெளிநாட்டுப் படம்! கெவர்மெண்டு பேரக் கெடுக்கணும்னே கெளப்பி விடுகானுவ!"

சர்ச் பள்ளிக்கூடத்தில் படுத்தெழுந்த சேலையோடு செலின் அங்கேதான் இருந்தாள். படத்தில் இருந்ததும் அதே சேலை.

"அண்ணாச்சி, அதுல நிக்கது நாந்தான்."

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

"நீயா இருக்கலாம் மக்கா. ஆனா, எடம் நம்ம ஊரு இல்ல."

ஊரே கைபேசியில் மனு அனுப்பத் தொடங்கிவிட்டதால் இப்போது எனக்குக் கடை இல்லை, செலினுக்கு வீடு இல்லை, ஆனால் அவரவர் கையில் ஓர் அரசாங்கம் இருக்கிறது, சார்ஜ் இருக்கும்வரை அது நல்லாட்சிதான்.